பிரிட்ஜுக்குக் கரண்ட் செலவு எவ்வளவு? எக்ஸெல்லில் கணக்கிடலாம்

கம்ப்யூட்டர் வாங்கி மேஜையில் வைத்தாயிற்று. சினிமா பார்க்கிறீர்கள். பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். மெயில் அனுப்பவும் பழகிக் கொண்டீர்கள். ஆனால் எக்ஸெல் போன்ற ஒர்க் ஷீட் புரோகிராமை மட்டும் பலர் திறப்பதே இல்லை. “அது ஆபீஸ் வேலைக்கு உள்ளது, வீட்டில் நமக்கு என்ன கணக்கு இருக்கிறது?” என்று ஒதுக்கி விடுகிறார்கள். வீட்டிலும் கணக்கு இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லையே எடுத்துக் கொள்ளலாம்.

லைட், பேன், டிவி ஆகியவற்றை வேலை முடிந்ததும் ஆப் செய்கிறோம். பிரிட்ஜ் மட்டும் இரவு பகலாக, வருடம் 365 நாளும் ஓடுகிறது. அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. “பழைய பிரிட்ஜை மாற்றுங்கள், மிச்சமாகும் கரண்ட் காசிலேயே புதிய பிரிட்ஜின் விலை திரும்பி வந்துவிடும்” என்று கடையில் சொல்வார்கள். சில வீடுகளுக்கு அது உண்மை. சில வீடுகளுக்கு உண்மை இல்லை. உங்கள் வீடு எந்த வகை என்பதை அரை மணி நேரத்தில் நீங்களே கணக்கிட்டுத் தெரிந்து கொள்ளலாம். அதோடு ஒர்க் ஷீட்டில் பார்முலா அமைக்கவும் பழகி விடலாம்.

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இணையத்திலிருந்து இலவசமாக டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம். கூகுள் ஷீட்ஸ் வசதியும் இலவசமே. கீழே தரப்பட்டுள்ள பார்முலாக்கள் மூன்றிலும் ஒரே மாதிரி செயல்படும்.

யூனிட் என்றால் என்ன?

1000 வாட்ஸ் சக்தி கொண்ட ஒரு சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட். இதையே கிலோவாட் ஹவர் என்றும் சொல்வார்கள். 100 வாட்ஸ் பல்பு 10 மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்தான். வாட்ஸை மணியால் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும்.

அப்படியானால் பிரிட்ஜின் பின்புறம் 120 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறதே, அதை 24 மணி நேரத்தால் பெருக்கினால் போதுமா? 120 x 24 = 2880. அதாவது ஒரு நாளைக்கு 2.88 யூனிட். இந்தக் கணக்கு தவறானது. பிரிட்ஜ் 24 மணி நேரமும் பிளக்கில் இருக்கிறதே தவிர, அதன் கம்ப்ரஸர் 24 மணி நேரமும் ஓடுவதில்லை. உள்ளே தேவையான குளிர்ச்சி வந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்தி விடும். வெப்பம் கூடியதும் மீண்டும் ஓட விடும். சற்று நேரம் ஓடும், சற்று நேரம் ஓய்வெடுக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் கொண்ட புதிய பிரிட்ஜ்கள் வேறு மாதிரி. இவை அடிக்கடி நிற்பதில்லை. தேவைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக் கொண்டு மெதுவாக ஓடிக் கொண்டிருக்கும். பிராஸ்ட் பிரீ வகைகளில், படியும் பனியைக் கரைக்க ஒரு ஹீட்டரும் அவ்வப்போது சில நிமிடங்கள் வேலை செய்யும்.

எனவே பின்புறம் எழுதியுள்ள வாட்ஸை மட்டும் வைத்து பிரிட்ஜின் செலவைச் சொல்ல முடியாது. ஒரு நாளில் உண்மையாகச் செலவாகும் யூனிட் தெரிய வேண்டும்.

யூனிட்டைக் கண்டறிய மூன்று வழிகள்

1. ஸ்டார் லேபிள்: பிரிட்ஜ் கதவில் நட்சத்திரங்களுடன் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். பி.இ.இ. எனப்படும் மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் 2006 ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் இது. எல்லோரும் நட்சத்திரங்களைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். நமக்கு வேண்டியது அதற்குக் கீழே உள்ள எண். அந்த பிரிட்ஜ் வருடத்திற்கு எத்தனை யூனிட் எடுக்கும் என்பது அதில் இருக்கும். 240 என்று இருந்தால், அதை 6 ஆல் வகுத்து, இரண்டு மாத பில்லுக்கு 40 யூனிட் என்று எடுத்துக் கொள்ளலாம்.

நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பழைய பிரிட்ஜையும் புதியதையும் ஒப்பிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இந்த அளவுகோல் கடுமையாக்கப்படுகிறது. பல வருடங்களுக்கு முன் ஐந்து நட்சத்திரம் பெற்ற மாடல் இன்றைய அளவுகோலில் குறைவான நட்சத்திரமே பெறும். யூனிட் எண்ணை ஒப்பிடுவதே சரி. மேலும் இது சோதனைக் கூடத்தில் எடுத்த அளவு. சமையலறையில் கதவைத் திறந்து மூடும் பழக்கத்தையும், வெயிலையும் பொறுத்து உங்கள் வீட்டில் இது மாறும்.

2. வீட்டு மீட்டர்: லேபிள் இல்லாத பழைய பிரிட்ஜுக்கு இந்த வழி. ஓரிரு நாள் வெளியூர் செல்லும்போது பிரிட்ஜைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆப் செய்யுங்கள். டிவியின் ஸ்டாண்ட் பை, மோடம், மொபைல் சார்ஜர், வீட்டு இன்வெர்ட்டர் என எதையும் விட்டு விடக் கூடாது. மெயின் சுவிட்சில் கை வைக்காதீர்கள். பிரிட்ஜும் நின்று உணவு கெட்டுவிடும். கிளம்பும்போது மீட்டர் ரீடிங்கையும் நேரத்தையும் எழுதிக் கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் மீண்டும் எழுதுங்கள். யாரும் கதவைத் திறக்காத நாட்களில் எடுத்த ரீடிங் என்பதால், இது வழக்கமான செலவை விடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

3. பிளக் மீட்டர்: சுவர் பிளக்கிற்கும் பிரிட்ஜிற்கும் இடையே செருகும் சிறிய எனர்ஜி மீட்டர்கள் கிடைக்கின்றன. ஒரு வாரம் செருகி வைத்தால் போதும். ஏழு நாள் யூனிட்டை 7 ஆல் வகுத்தால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். மூன்றில் இதுதான் துல்லியமானது. ஸ்டெபிலைசர் இருந்தால், அதையும் சேர்த்தே அளக்கும்படி சுவர்ப் பக்கம் செருகுங்கள். ஸ்டெபிலைசரும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும்.

ஒரு கூடுதல் தகவல். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக் கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகப்பிலேயே எழுதியிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். பிரிட்ஜ் மட்டும் ஓடும்போது, இரண்டு சிமிட்டலுக்கு இடையே 9 விநாடிகள் ஆகின்றன என்றால், 36,00,000 ஐ 3200 ஆலும், பின் 9 ஆலும் வகுக்கவும். விடை 125. அதாவது அந்த நிமிடத்தில் பிரிட்ஜ் 125 வாட்ஸ் எடுக்கிறது. கம்ப்ரஸர் நின்றதும் சிமிட்டல் மிகவும் குறைந்து விடுவதையும் பார்க்கலாம்.

முதல் ஒர்க் ஷீட்

இப்போது எக்ஸெல்லைத் திறந்து புதிய ஒர்க் புக் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிவதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே உள்ள ஆங்கில எழுத்தையும், இடது பக்கம் உள்ள எண்ணையும் சேர்த்து அதற்குப் பெயர். முதல் செல் ஏ1. அதற்கு வலது பக்கம் பி1. இங்கு தமிழில் தரப்பட்டுள்ள செல் பெயர்களை நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். டைப் செய்யாமல், அந்தச் செல்லில் மவுஸால் கிளிக் செய்தாலும் அதன் பெயர் பார்முலாவில் தானாக அமைந்துவிடும்.

ஏ வரிசையில் கீழ்க்கண்டவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள்.

ஏ1: தொடக்க ரீடிங்
ஏ2: முடிவு ரீடிங்
ஏ3: எத்தனை மணி நேரம்
ஏ4: ஒரு நாள் யூனிட்
ஏ5: ஒரு பில்லுக்கு யூனிட்

பி1 செல்லில் 8214.3 என்றும், பி2 செல்லில் 8216.3 என்றும், பி3 செல்லில் 48 என்றும் இடுங்கள். பின் பி4 செல்லில் கர்சரை வைத்து,

=(பி2-பி1)/பி3*24

என்று அமைத்து என்டர் தட்டவும். விடை 1 என்று வரும். அதாவது 48 மணி நேரத்தில் 2 யூனிட், எனவே ஒரு நாளைக்கு ஒரு யூனிட். அடுத்து பி5 செல்லில் =பி4*60 என்று கொடுங்கள். 60 என்று கிடைக்கும். இரண்டு மாத பில்லில் இந்த பிரிட்ஜின் பங்கு 60 யூனிட்.

எந்தப் பார்முலாவும் சமன் அடையாளத்துடன்தான் தொடங்க வேண்டும். அதை விட்டு விட்டால், நீங்கள் டைப் செய்தது வெறும் எழுத்தாக அப்படியே நிற்கும். மேலே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுதான். பி1, பி2, பி3 செல்களில் உங்கள் எண்களை இட்டால், கீழே உள்ள விடைகள் தாமாக மாறும். கால்குலேட்டரில் இல்லாத வசதி இது.

60 யூனிட்டுக்கு எவ்வளவு பணம்?

எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை என்றால், யூனிட்டை விலையால் பெருக்கி இங்கேயே முடித்து விடலாம். தமிழ்நாட்டு வீடுகளுக்கான கட்டணம் அப்படி இல்லை. அது படிப்படியாக ஏறுவது. நம் எடுத்துக்காட்டுக்கு 2022 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக் கொள்வோம். எளிய எண்களாக இருப்பதால் கணக்குப் புரிய எளிது. அதற்குப் பின் 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தது. எனவே உங்கள் கணக்குக்கு, உங்களுடைய கடைசி பில் எந்த விலையில் போடப்பட்டதோ அந்த விலைகளையே இடுங்கள்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை செலவழித்த வீட்டுக்கு 2022 கட்டணம் இது:

முதல் 100 யூனிட்: இலவசம்
அடுத்த 100 யூனிட் (101 முதல் 200 வரை): 2.25 ரூபாய்
அடுத்த 200 யூனிட் (201 முதல் 400 வரை): 4.50 ரூபாய்
அடுத்த 100 யூனிட் (401 முதல் 500 வரை): 6.00 ரூபாய்

500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு அட்டவணையே வேறு:

முதல் 100 யூனிட்: இலவசம்
101 முதல் 400 வரை: 4.50 ரூபாய்
401 முதல் 500 வரை: 6.00 ரூபாய்
501 முதல் 600 வரை: 8.00 ரூபாய்
601 முதல் 800 வரை: 9.00 ரூபாய்
801 முதல் 1000 வரை: 10.00 ரூபாய்
1000 க்கு மேல்: 11.00 ரூபாய்

இப்படிப் படிப்படியாக விலை ஏறும்போது, பிரிட்ஜ் எடுத்த 60 யூனிட் எந்தப் படியில் வருகிறது? இலவசமாகக் கிடைத்த முதல் 100 யூனிட்டிலா, கடைசிப் படியிலா? மீட்டருக்கு அது தெரியாது. இதற்குச் சரியான வழி ஒன்றுதான். பிரிட்ஜ் இருக்கும்போது பில் எவ்வளவு, அது இல்லாவிட்டால் எவ்வளவு என்று இரண்டு முறை கணக்கிட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிரிட்ஜின் செலவு.

மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, சராசரி விலையால் பெருக்குவது பலரும் கையாளும் வழி. அது உங்களை ஏமாற்றிவிடும். எப்படி என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

இரண்டாவது ஒர்க் ஷீட்

கீழே உள்ள கூட்டல் அடையாளத்தில் கிளிக் செய்து புதிய ஷீட் ஒன்றைத் திறக்கவும். மொத்தம் 380 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். பிரிட்ஜ் 60 யூனிட். அது இல்லாவிட்டால் 320 யூனிட்.

முதல் வரியில் தலைப்புகள்: ஏ1 இல் படி, பி1 இல் விலை, சி1 இல் பிரிட்ஜுடன், டி1 இல் பிரிட்ஜ் இல்லாமல், இ1 இல் தொகை 1, எப்1 இல் தொகை 2.

அடுத்த வரிகளில் ஏ முதல் டி வரை இப்படி நிரப்புங்கள்:

2 ஆம் வரி: முதல் 100, 0, 100, 100
3 ஆம் வரி: அடுத்த 100, 2.25, 100, 100
4 ஆம் வரி: அடுத்த 200, 4.50, 180, 120
5 ஆம் வரி: அடுத்த 100, 6.00, 0, 0

380 யூனிட்டில் முதல் 100, அடுத்த 100 போக மீதி 180. எனவே நான்காம் வரியில் 180. அதே போல 320 இல் மீதி 120.

இனி இ2 செல்லில் கர்சரை வைத்து,

=$பி2*சி2

என்று அமைத்து என்டர் தட்டுங்கள். நடுவில் வரும் டாலர் அடையாளம் எதற்கு? ஒரு பார்முலாவைப் பக்கத்துச் செல்லுக்கு இழுத்தால், அதிலுள்ள செல் பெயர்களும் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். நமக்கு யூனிட் நகர வேண்டும், விலை நகரக் கூடாது. பி என்ற எழுத்துக்கு முன் டாலர் போட்டால், அந்த வரிசை பூட்டு போட்டது போல அங்கேயே நிற்கும். பார்முலாவில் பி2 என்று வந்தவுடன் எப்4 கீயை மூன்று முறை தட்டியும் இந்த அடையாளத்தை அமைக்கலாம். சில லேப்டாப்களில் எப்என் கீயுடன் சேர்த்துத் தட்ட வேண்டியிருக்கும்.

இப்போது இ2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து எப்2 வரை இழுங்கள். பின் இரண்டு செல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, அதே சதுரத்தைப் பிடித்து 5 ஆம் வரி வரை கீழே இழுங்கள். எட்டுப் பெருக்கல் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

அடுத்து கூட்டல். சி6 செல்லில் கிளிக் செய்து, மேலே உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டவும். சிக்மா என்ற கிரேக்க எழுத்து வடிவில் இந்தப் பட்டன் இருக்கும். டி6, இ6, எப்6 செல்களிலும் இதே போலச் செய்யவும். சி6 இல் 380, டி6 இல் 320 என்று வந்தால் யூனிட்டைச் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள். வராவிட்டால் எங்கோ தவறு, மீண்டும் பாருங்கள்.

இ6 இல் 1035, எப்6 இல் 765 என்று கிடைக்கும். கடைசியாக ஜி6 செல்லில் =இ6-எப்6 என்று கொடுத்தால் விடை 270. இந்த வீட்டில் பிரிட்ஜின் செலவு ஒரு பில்லுக்கு 270 ரூபாய்.

சராசரி முறையில் பார்த்தால்? 1035 ஐ 380 ஆல் வகுத்தால் யூனிட் 2.72 ரூபாய். 60 யூனிட்டுக்கு 163 ரூபாய்தான் வரும். உண்மைச் செலவில் நூறு ரூபாய்க்கு மேல் மறைந்து போகிறது.

ஒரே பிரிட்ஜ், ஐந்து வீடுகள்

இதே 60 யூனிட் பிரிட்ஜை வெவ்வேறு வீடுகளில் வைத்துப் பார்ப்போம். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு மூன்றாவது ஷீட் ஒன்றைத் திறந்து, இரண்டாவது அட்டவணையில் உள்ள ஏழு படிகளையும் இதே முறையில் அமைத்துக் கொள்ளுங்கள்.

மொத்தம் 95 யூனிட் செலவழிக்கும் வீடு: பிரிட்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 100 யூனிட்டுக்குள்தான். செலவு 0.

150 யூனிட் வீடு: பிரிட்ஜுடன் 112.50 ரூபாய். அது இல்லாமல் 90 யூனிட், கட்டணம் இல்லை. பிரிட்ஜின் செலவு 112.50 ரூபாய்.

380 யூனிட் வீடு: 270 ரூபாய். மேலே பார்த்தோம்.

530 யூனிட் வீடு: பிரிட்ஜுடன் 2190 ரூபாய். அது இல்லாமல் 470 யூனிட், 1545 ரூபாய். பிரிட்ஜின் செலவு 645 ரூபாய்.

700 யூனிட் வீடு: பிரிட்ஜுடன் 3650 ரூபாய். அது இல்லாமல் 640 யூனிட், 3110 ரூபாய். பிரிட்ஜின் செலவு 540 ரூபாய்.

ஒரே பிரிட்ஜ், ஒரே 60 யூனிட். ஒரு வீட்டில் செலவே இல்லை, இன்னொரு வீட்டில் 645 ரூபாய். “என் பிரிட்ஜுக்கு மாதம் எவ்வளவு ஆகும்?” என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு ஏன் பயனில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். பிரிட்ஜின் செலவைத் தீர்மானிப்பது பிரிட்ஜ் மட்டும் அல்ல, வீட்டின் மொத்த யூனிட்டும்தான்.

700 யூனிட் வீட்டை விட 530 யூனிட் வீட்டில் பிரிட்ஜுக்கு ஏன் அதிகச் செலவு? காரணம் 500 யூனிட் எல்லை. இந்தக் கட்டணத்தில் சரியாக 500 யூனிட்டுக்கு பில் 1725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய்! 501 ஆவது யூனிட்டின் விலை 8 ரூபாய்தான். ஆனால் எல்லையைத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த 2.25 ரூபாய் சலுகை போய், அதற்கும் 4.50 ரூபாய் ஆகிவிடுகிறது. அந்த 225 ரூபாயும் சேர்ந்துதான் 233. உங்கள் பில் 500 யூனிட்டுக்கு அருகில் வருகிறது என்றால், சில யூனிட் குறைத்தாலே பெரிய லாபம்.

பழைய பிரிட்ஜை மாற்றலாமா?

இதற்கும் இரண்டாவது ஷீட்டே போதும். சி வரிசைக்குப் பழைய பிரிட்ஜ் என்றும், டி வரிசைக்குப் புதிய பிரிட்ஜ் என்றும் தலைப்பை மாற்றிக் கொள்ளுங்கள்.

மீட்டரில் அளந்து பார்த்ததில், பழைய பிரிட்ஜ் நாளுக்கு 2 யூனிட், பில்லுக்கு 120 யூனிட் எடுப்பதாக வைத்துக் கொள்வோம். கடையில் பார்த்த புதியதின் லேபிளில் வருடத்திற்கு 240 யூனிட், எனவே பில்லுக்கு 40. ஒவ்வொரு பில்லிலும் 80 யூனிட் மிச்சம். பழையதைக் கொடுத்தது போக, கையிலிருந்து 18,000 ரூபாய் போட வேண்டும் என்று கொள்வோம்.

ஜி6 இல் ஒரு பில்லுக்கான மிச்சம் கிடைக்கும். எச்6 செல்லில் =ஜி6*6 என்று கொடுத்தால் வருட மிச்சம். ஐ6 செல்லில் =18000/எச்6 என்று கொடுத்தால், போட்ட பணம் திரும்பி வர எத்தனை வருடம் ஆகும் என்று தெரியும்.

மொத்தம் 180 யூனிட் வீட்டில், புதிய பிரிட்ஜ் வந்தால் 100 யூனிட் ஆகும். பில்லுக்கு 180 ரூபாய் மிச்சம், வருடத்திற்கு 1080. பணம் திரும்பி வர ஏறக்குறைய 17 வருடம். கரண்ட் செலவுக்காக மட்டும் மாற்றுவது இங்கு வீண்.

420 யூனிட் வீட்டில் 340 ஆகும். 1245 ரூபாய் பில் 855 ஆகக் குறையும். வருடத்திற்கு 2340 ரூபாய் மிச்சம். ஏறக்குறைய 7 வருடம் 8 மாதம் ஆகும். பழையது அடிக்கடி ரிப்பேர் ஆகிறது என்றால் யோசிக்கலாம்.

540 யூனிட் வீட்டில் 460 ஆகும். 2270 ரூபாய் பில் 1485 ஆகக் குறையும். இதற்கு முதல் தொகையை மூன்றாவது ஷீட்டிலும், இரண்டாவது தொகையை இரண்டாவது ஷீட்டிலும் கணக்கிட வேண்டும். வருட மிச்சம் 4710 ரூபாய். நான்கு வருடத்திற்குள் பணம் வந்துவிடும். இந்த வீட்டுக்குக் கடைக்காரர் சொன்னது சரி.

ஒரு எச்சரிக்கை. புதியதை வாங்கிய பின், பழையதையும் “தண்ணீர் பாட்டில் வைக்க இருக்கட்டும்” என்று ஓட விட்டால், மிச்சம் என்ற பேச்சே இல்லை. 540 யூனிட் வீடு 580 யூனிட் வீடாகி விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி ஓடும் வீட்டில் மொத்த யூனிட் கூடும். அப்போது பிரிட்ஜின் யூனிட் மேல் படிக்குப் போய்விடும். வெயில் காலத்தில் பிரிட்ஜும் கூடுதலாகவே ஓடும். எனவே ஒரு பில்லை மட்டும் வைத்து 6 ஆல் பெருக்குவதை விட, போன வருடத்தின் ஆறு பில்களையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுவது நல்லது. பழைய பில் கையில் இல்லாவிட்டால், மின் வாரிய இணைய தளத்தில் உங்கள் சர்வீஸ் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். யூனிட்டைக் கொடுத்தால் தொகையைச் சொல்லும் வசதியும் அத்தளத்தில் உண்டு. உங்கள் ஒர்க் ஷீட் விடை அதோடு ஒத்துப் போகிறதா என்று சரி பார்க்கலாம்.

மாற்றாமலே யூனிட்டைக் குறைக்க

புதியது வாங்கும் முன் இவற்றைச் செய்து, மீண்டும் ரீடிங் எடுத்துப் பாருங்கள்.

* கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்து விட்டது. அதை மட்டும் மாற்ற ஆகும் செலவு, புதிய பிரிட்ஜ் விலையில் மிகச் சிறிய பங்குதான்.

* பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தை அது வெளியே தள்ள இடம் வேண்டும். பின்புறம் கம்பி வலை இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூசியைத் துடையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும், வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலும் வைக்க வேண்டாம்.

* சாதாரண டைரக்ட் கூல் பிரிட்ஜில் ஐஸ் தடிமனாகக் கட்டும் முன் டீபிராஸ்ட் செய்யுங்கள். கத்தியால் கொத்த வேண்டாம். வாயுக் குழாயில் ஓட்டை விழுந்தால் பெரிய செலவு.

* சூடான சாம்பார், பால் ஆகியவற்றை ஆற வைத்து உள்ளே வையுங்கள். கீழ் அறையில் 4 டிகிரி, பிரீசரில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும்.

* இரவில் ஆப் செய்து காலையில் போடுவது சில வீடுகளில் வழக்கம். உள்ளே ஏறிய வெப்பத்தைக் காலையில் கம்ப்ரஸர் மீண்டும் வெளியேற்றியாக வேண்டும் என்பதால் மிச்சம் சொற்பமே. உணவு கெடும் ஆபத்துதான் அதிகம்.

சில எக்ஸெல் குறிப்புகள்

செல்லில் எண்ணுக்குப் பதில் ##### என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். எண் உள்ளே பத்திரமாக இருக்கிறது. நெடுவரிசையின் அகலம் போதவில்லை, அவ்வளவுதான். மேலே உள்ள எழுத்துகளுக்கு இடையே உள்ள கோட்டில் டபுள் கிளிக் செய்யுங்கள்.

கட்டணம் மாறும்போது பார்முலாவைத் தொட வேண்டாம். பி வரிசையில் உள்ள விலையை மட்டும் மாற்றுங்கள். மற்ற எல்லாம் தாமாக மாறிக் கொள்ளும். விலையைப் பார்முலாவுக்குள் எழுதாமல் தனிச் செல்லில் வைத்ததன் பயன் இதுதான்.

கரண்ட் பில் என்ற பெயரில் பைலை சேவ் செய்து வையுங்கள். ஒவ்வொரு பில் வந்ததும் திறந்து யூனிட்டை மட்டும் மாற்றினால் போதும்.

இதே ஷீட்டில் உங்கள் கம்ப்யூட்டரின் செலவையும் பார்க்கலாம். மானிட்டருடன் சேர்த்து 120 வாட்ஸ் எடுக்கும் டெஸ்க்டாப் தினம் 4 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 0.48 யூனிட், 60 நாட்களுக்கு 28.8 யூனிட். அதை சி, டி வரிசைகளில் பிரித்து இடுங்கள். உங்கள் வீட்டில் அதற்கு எத்தனை ரூபாய் என்ற விடை ஜி6 செல்லில் வரும். இன்றே பழைய பில்லை எடுத்து வைத்துக் கொண்டு முயற்சி செய்து பாருங்கள்.